கொல்கத்தாவில் தொண்டு செய்யச் செல்வோர் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

அன்னை தெரசா தொடங்கிய மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி சபையின் கொல்கத்தா இல்லங்களில் சில வாரங்களோ சில மாதங்களோ தன்னார்வத் தொண்டராகப் பணியாற்ற விரும்பித் தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோர் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் அந்த இல்லங்களில் பணியாற்றியவன். இப்போது எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கில், அங்கே செல்ல நினைப்பவர்களுக்கு வழி சொல்லி வருகிறேன். எந்த ரயிலில் போவது, எங்கே தங்குவது என்றுதான் எல்லாரும் பேச்சைத் தொடங்குவார்கள். விடைபெற்று எழுந்த பிறகு, வாசலில் நின்றுகொண்டு, "அங்கே போனால் எனக்குக் கடவுள் நம்பிக்கை திரும்பக் கிடைக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். ஆகையால் பயணச் செய்திகளைச் சுருக்கிக்கொண்டு, அந்த இரண்டாவது கேள்வியைச் சார்ந்தவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொண்டு செய்ய நம் ஊரிலேயே ஆயிரம் இடம் இருக்கும்போது கொல்கத்தா வரைக்கும் போவானேன்?

இதைப் பெரும்பாலும் பெற்றோர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். தொண்டு ஒன்றே நோக்கம் என்றால் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பார், அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். ஆனால் சொந்த ஊரில் நாம் இன்னார் வீட்டுப் பிள்ளை, இன்ன உத்தியோகம், இன்ன சாதி, இன்ன பங்கு என்ற அடையாளங்களோடுதான் எந்த வாசலுக்குள்ளும் நுழைகிறோம். நாம் செய்கிற நன்மையும் அந்த அடையாளத்தின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. பாஷை தெரியாத ஊரில் அவற்றுள் எதுவும் செல்லாது. பேச்சுத் திறமையால் பெயரெடுத்தவர் அங்கே வாய் திறக்க முடியாமல் நிற்பார். அந்த நிலையில்தான் பலருக்கும், தங்கள் செபத்தில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு உண்மை என்பது விளங்கத் தொடங்குகிறது.

அப்படி இந்த நகரத்துக்கு வந்தவர்களின் வரிசை நீளமானது. அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் 1898 ஜனவரியில் கப்பலில் வந்து இறங்கி, சுவாமி விவேகானந்தரிடம் தீட்சை பெற்றுச் சகோதரி நிவேதிதை ஆனார். அதே ஆண்டு பாக்பஜாரில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1899-இல் பிளேக் பரவியபோது தாமே துடைப்பம் எடுத்துச் சந்துகளைக் கூட்டினார். பாரதியார் அவரைச் சந்தித்துக் குருவாக ஏற்றதையும், 1908-இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பை அவருக்கே காணிக்கையாக்கியதையும் நாம் அறிவோம். இன்றைய வடமாசிடோனியாவின் ஸ்கோப்யேயில் பிறந்து, பின்னாளில் அன்னை தெரசா ஆன ஆக்னஸ், லொரேட்டோ துறவற சபையில் சேர்ந்து 1929-இல் பதினெட்டு வயதில் இந்தியா வந்தார். கொல்கத்தாவின் எண்டாலியிலுள்ள புனித மரியாள் பள்ளியில் ஆசிரியையாகவும் பின்னர் தலைமை ஆசிரியையாகவும் இருந்தவர், 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்கு ரயிலில் போகும்போது, ஏழைகளிலும் ஏழைகளோடு வாழும்படி ஓர் அழைப்பை உணர்ந்தார். 1948-இல் மடத்தை விட்டு வெளியேறி, பாட்னாவில் சில மாதங்கள் மருத்துவப் பணிவிடை கற்றுக்கொண்டு, அந்த டிசம்பரில் மோதிஜீல் சேரிக்குப் போய், கரும்பலகை இல்லாததால் மண்தரையில் குச்சியால் எழுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தங்க ஓர் இடம் தேடிக் கைகால் வலிக்க அலைந்ததையும், விட்டு வந்த மடத்தின் வசதிகள் நினைவுக்கு வந்து தம்மை இழுத்ததையும் அவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அந்த நகரம் அவருக்கு அப்போது புதிதன்று. ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளாக அங்கிருந்தவர். மடத்துச் சுவருக்கு வெளியே வந்தபோது அதே ஊர் அவருக்குப் புதிய ஊராயிற்று.

என் விசுவாசம் உறுதியாக இல்லை. கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நான் வரலாமா?

தாராளமாக வரலாம். பதிவு செய்யும்போது எவரும் உங்கள் விசுவாசத்தை அளந்து பார்ப்பதில்லை. ஸ்பெயின், ஜப்பான், கொரியா போன்ற நாடுகளிலிருந்து வருகிற தொண்டர்களில் எந்தச் சமயத்தையும் சாராதவர்கள் நிறையப் பேர் உண்டு. காலைத் திருப்பலியும் மாலை நற்கருணை ஆராதனையும் அவரவர் விருப்பம்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். நம்பிக்கை இருப்பதுபோல் நடிக்காதீர்கள். அதே சமயம், இல்லை என்பதற்காக ஆலயத்துக்கு வெளியிலேயே நின்றுவிடவும் வேண்டாம். பின்வரிசையில் போய்ச் சும்மா உட்காருங்கள். சபையின் தலைமையகமான தாய் இல்லத்து ஆலயத்தில் நாற்காலி வரிசைகள் கிடையாது, அருள்சகோதரிகள் தரையில்தான் அமர்கிறார்கள். அன்னை வழக்கமாக அமர்ந்த இடத்தில் அவருடைய உருவச்சிலை தரையில் அமர்ந்த நிலையிலேயே இருக்கிறது. சாலைப் பக்கத்து ஜன்னல்கள் திறந்திருப்பதால் பேருந்து ஹாரன் சத்தத்தில் குருவானவரின் குரல் அவ்வப்போது மறைந்துபோகும். அமைதி இருந்தால்தான் செபிக்க முடியும் என்று நினைத்து வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் முதலில் எரிச்சலூட்டும். அந்த வீட்டுப் பெண்கள் 1953 முதல் அதே சத்தத்துக்கு நடுவில்தான் செபித்து வருகிறார்கள் என்பதைக் கவனித்த பிறகு எரிச்சல் குறையும்.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் 54ஏ எண்ணுள்ள தாய் இல்லத்தில் காலை 6 மணிக்குத் திருப்பலி. அது முடிந்ததும் தொண்டர்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், தேநீர். பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு செபம் சொல்லி, பாட்டுப் பாடி, தத்தம் இல்லங்களுக்குப் பிரிந்து போவார்கள்: இறக்கும் தறுவாயில் இருப்போருக்கான காளிகாட் நிர்மல் ஹிருதய், நோயுற்றோரும் மனநலம் குன்றியோரும் இருக்கும் பிரேம் தான், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தயா தான், குழந்தைகள் இல்லமான சிஷு பவன். ஆண்கள் ஆண் நோயாளிகளிடமும் பெண்கள் பெண் நோயாளிகளிடமும் அனுப்பப்படுவார்கள். ஏறக்குறைய நண்பகல் வரை வேலை. விரும்புவோர் பிற்பகல் 3 மணிக்கு மீண்டும் போகலாம். வியாழக்கிழமை விடுமுறை.

வேலை என்று நான் சொல்வது பெரும்பாலும் துணி துவைப்பதைத்தான். இதைக் கேட்டதும் பலர் முகம் வாடுகிறது; நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் அவர்கள் கற்பனை செய்து வைத்திருக்கிறார்கள். இரவில் நனைந்த போர்வைகளும் விரிப்புகளும் காலையில் குவியலாகக் கிடக்கும். மலம் பட்டவற்றைத் தனியே எடுத்துத் தேய்த்துக் கழுவிய பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஒரு தொட்டியில் சோப்பு நீர், அடுத்தடுத்த தொட்டிகளில் அலச நல்ல நீர். ஒருவர் அலசி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். நனைந்த கம்பளிப் போர்வையை ஒருவரால் பிழிய முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் மற்றவர் கையிலிருந்து நழுவிவிடும். பிழிந்ததை வாளியில் சுமந்து மொட்டைமாடிக்கு ஏற்றிக் காயப் போட வேண்டும். எதிர் முனையைப் பிடித்திருப்பவர் எந்த நாட்டவர், என்ன மதம், எதற்காக வந்திருக்கிறார் என்று தெரியாமலே பல நாட்கள் போகும். அங்கே எனக்குக் கிடைத்த மிக ஆழமான நட்புகள் அந்தப் போர்வையின் மறுமுனையில் தொடங்கியவை.

பிறகு குளிப்பாட்டுதல், சவரம், நகம் வெட்டுதல், சோறு ஊட்டுதல், பாத்திரம் கழுவுதல். சோறு ஊட்டுவதை மட்டும் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இதில் அன்பு மட்டும் போதாது. படுத்திருப்பவரை முதலில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். நீங்களும் அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். கொஞ்சமாக எடுத்து, தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. மீன் இருந்தால் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, சோற்றோடு மசித்துக் கொடுக்க வேண்டும். ஒரு தட்டுச் சோற்றுக்கு அரைமணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் உங்கள் மனம் எங்கெல்லாம் ஓடுகிறது என்று பாருங்கள். செபத்தைப் பற்றிப் படித்த நூல்களைவிட அது உங்களுக்குச் சொல்லித் தரும்.

எனக்கு மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லையே?

தேவையில்லை. பயிற்சி இல்லாதவர் ஊசி போடுவதோ காயம் கட்டுவதோ கூடாது, யாராவது செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் தயங்காமல் அணியுங்கள். காசநோயாளிகள் இருக்கும் இடங்களில் அது கட்டாயம்.

வங்காளம் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

சில சொற்களைப் போகும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீருக்கு ஜோல், சோற்றுக்கு பாத், வலிக்கு ப்யதா, அண்ணனுக்கு தாதா, அக்காவுக்கு தீதி. இல்லங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் உள்ளூர்ப் பெண்களை எல்லாரும் மாஷி என்று அழைப்பார்கள், நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்பதுபோல. வேலையை அவர்களிடம்தான் கற்க வேண்டும். எந்த நோயாளிக்கு எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கும், யார் பால் குடிக்க மாட்டார், யார் கோபத்தில் தட்டைத் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தொண்டர்கள் வருவார்கள், அழுவார்கள், படம் போன்ற நினைவுகளோடு போய்விடுவார்கள்; மாஷிகள் மறுநாள் காலையிலும் அதே படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பதில் எனக்கு மனக்குறை உண்டு. நிலைத்து நிற்பது என்றால் என்ன என்று அறிய விரும்புவோர் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தாலே போதும்.

வந்து சில வாரங்கள் ஆகின்றன. முதல் நாட்களில் இருந்த நெகிழ்ச்சி போய்விட்டது. செபம் செய்தாலும் வறண்டு கிடக்கிறது. நான் தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?

அங்கிருந்தபடியே எனக்குக் கடிதம் எழுதிக் கேட்பவர்களின் கேள்வி இதுதான். இதற்குத்தான் நான் மிகவும் கவலையோடு பதில் எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இந்தக் கட்டத்தில்தான் பெட்டியைக் கட்டுகிறார்கள்.

அன்னை தெரசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியாயின. அவற்றை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். சேரிப் பணியைத் தொடங்கிய காலம் முதல் ஏறத்தாழ வாழ்நாள் முடிய, 1958-இல் வந்த ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, கடவுளின் உடனிருப்பை உணர முடியாத இருளில் அவர் வாழ்ந்தார் என்பது அவற்றிலிருந்து உலகுக்குத் தெரிந்தது. ரயிலில் அழைப்பை அத்தனை தெளிவாக உணர்ந்தவருக்கு, அந்த அழைப்பை ஏற்று வந்த பிறகு உணர்வு நின்றுபோயிற்று. 1979-இல் நோபல் பரிசு பெற்றபோதும், உலகம் முழுவதும் அவரைப் புனிதர் என்று கொண்டாடியபோதும் அந்த இருள் விலகவில்லை.

1961-இல் அவர் இதை இயேசு சபைக் குருவான யோசேப் நொய்னரிடம் எழுதிக் கொடுத்தார். நொய்னர் அவருக்கு ஆறுதல் வார்த்தைகளை அடுக்கவில்லை. இதற்கு மனித மருந்து எதுவும் இல்லை, ஆகவே இது தம் குற்றமோ என்று அவர் எண்ண வேண்டாம். கடவுளுக்காக ஏங்கும் ஏக்கமே அவர் உள்ளத்தில் கடவுள் இருப்பதற்கு அடையாளம். இந்த இருள் அவருடைய பணியின் ஆன்மிகப் பக்கமே என்றார். கைவிடப்பட்டவர்களுக்குப் பணிசெய்ய வந்தவர், கைவிடப்பட்ட உணர்வை உள்ளேயும் சுமந்தார் என்பது அதன் பொருள். அதன் பின்னர் அன்னை அந்த இருளை நேசிக்கத் தொடங்கியதாக எழுதினார். இருள் அகன்றது என்று அவர் எழுதவில்லை.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விசுவாசம் என்றால் நெஞ்சு நெகிழ்வது என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். எழுப்புதல் கூட்டங்களும் தியானங்களும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. அவற்றை நான் குறை சொல்லவில்லை, நானும் அவற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் எழுந்திருக்க மனமில்லாத காலையில் எழுந்து போய், பேர் தெரியாத ஒருவரின் விரிப்பை அலசுவதும் விசுவாசம்தான், அந்த நேரத்தில் எதையுமே உணராவிட்டாலும்கூட. அந்த ஒழுங்கைக் கைவிடாதீர்கள். செபத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். தூக்கம், சாப்பாடு, உடல்நிலை ஆகியவற்றையும் கவனியுங்கள். வறட்சி என்று சிலர் சொல்வது வயிற்றுப்போக்கால் வந்த சோர்வாக இருக்கும். மனம் நாள் முழுவதும் இருண்டு, உயிர்வாழும் விருப்பமே குறைந்தால் அது வேறு. உடனே அருள்சகோதரியிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள், ஊருக்குத் திரும்புங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

கடவுள் இருந்தால் இவர்கள் ஏன் இப்படிக் கிடக்க வேண்டும்?

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இருக்கிறது என்று சொல்பவர்கள் நிர்மல் ஹிருதயின் படுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதைச் சொல்வதை நான் கேட்டதில்லை.

சபையின் ஒவ்வோர் ஆலயத்திலும் சிலுவைக்குப் பக்கத்துச் சுவரில் இயேசு சிலுவையில் சொன்ன ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருக்கும்: "தாகமாயிருக்கிறது." காலையில் அதைப் பார்த்துவிட்டுக் காளிகாட்டுக்குப் போனால், உள்ளே நுழைந்தவுடன் ஏதாவது ஒரு படுக்கையிலிருந்து "ஜோல்" என்ற குரல் கேட்கும். ஒரு முதியவர் இருந்தார். என்னிடம் சோறு வாங்க மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார், அதுவும் டம்ளரைத் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார். கை நடுங்கிப் பாதி சிந்தும். சிந்தினாலும் பரவாயில்லை, அவர் கையில் கொடு என்று மாஷி சொன்னார். ஒருநாள் காலையில் அவர் படுக்கையில் வேறொருவர் இருந்தார். துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அவர் எனக்குப் பதில் தரவில்லை. அவருக்கு அன்றன்றைக்குத் தாகம் எடுத்தது, தண்ணீர் தேவைப்பட்டது, அதைத் தம் கையால் குடிக்கும் மரியாதையும் தேவைப்பட்டது. என் விசுவாசம் இன்றுவரை அந்த அளவில்தான் நிற்கிறது. அதற்கு மேல் ஏறி எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த இல்லங்களைப் பற்றிக் கடுமையான விமர்சனங்களைப் படித்தேன். அவை உண்மையா?

சிலவற்றில் உண்மை உண்டு. அவற்றைப் படித்துவிட்டே வாருங்கள். 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியராக இருந்த ராபின் ஃபாக்ஸ், நிர்மல் ஹிருதயைப் பார்த்துவிட்டு 1994-இல் எழுதினார்: குணப்படுத்தக்கூடிய நோய்களைக் கண்டறியும் முறை போதவில்லை, கடும் வலிக்குத் தகுந்த மருந்துகள் இல்லை. இறப்போருக்கு அவர்கள் அறியாமல் திருமுழுக்குக் கொடுக்கப்பட்டதாகச் சபையின் முன்னாள் அருள்சகோதரி ஒருவரும் எழுதினார். சபையோ, இந்துவுக்குக் கங்கை நீரும் முஸ்லிமுக்குக் குர்ஆன் வாசகமும் கத்தோலிக்கருக்கு இறுதித் திருவருட்சாதனமுமாக அவரவர் வழிப்படியே இறுதி மரியாதை நடக்கிறது என்று சொல்லி வந்திருக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வலியைத் தாங்கிக்கொள்வது புண்ணியம் என்று, வலியால் துடிக்கும் இன்னொருவருக்காக நாம் முடிவு செய்யக் கூடாது. மருந்து இருக்கும்போது கொடுக்கப்பட வேண்டும். ஒருவர் அறியாமல் அவருக்குச் செய்யும் எந்தச் சடங்கும் அவருக்குச் செய்யும் அவமரியாதை. அதே வேளையில், எந்த மருத்துவமனையும் வாசலுக்குள் சேர்க்காதவர்களை 1952 முதல் அந்தக் கட்டடம் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியும். படுக்கைப் புண்ணையோ வலியையோ காய்ச்சலையோ கண்டால் வாய்மூடி இருக்காதீர்கள், பொறுப்பிலிருக்கும் சகோதரியிடம் அன்றே சொல்லுங்கள், மறுநாளும் கேளுங்கள். கேள்வி கேட்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

நான் இந்து. காளி கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவ இல்லம் என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது.

தொடக்கத்தில் அந்த வட்டாரத்திலும் அந்த உறுத்தல் இருந்தது, எதிர்ப்பும் எழுந்தது. யாத்திரிகர்கள் தங்கப் பயன்பட்ட கட்டடம் ஒன்றை மாநகராட்சி அன்னைக்குக் கொடுத்திருந்தது. இன்றும் ஒரே தெருவில் செம்பருத்தி மாலை விற்கும் கடைகளைத் தாண்டித்தான் இல்லத்துக்குள் போகிறோம். நீங்கள் காலையில் காளியைத் தரிசித்துவிட்டு வந்து சோறு ஊட்டினால் யாரும் தடுக்க மாட்டார்கள். மனிதரை நடமாடும் கோயிலாகக் கண்ட மரபு நம்முடையது. நகரின் வடக்கே கங்கைக்கரையில் உள்ள பேலூர் மடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ராமகிருஷ்ண மிஷனும் சீவனுக்குச் செய்யும் தொண்டு சிவனுக்கே என்றுதான் 1897 முதல் பணிசெய்து வருகிறது. உங்கள் நம்பிக்கைக்கு அந்த வழி நெருக்கமானது என்றால் அங்கே செல்லுங்கள். அங்கும் கைகள் தேவைப்படுகின்றன.

ஏழைகளின் துன்பத்தைப் பார்த்து என் வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவது சுயநலம் இல்லையா?

இல்லை என்று உங்களைத் தேற்ற மாட்டேன். எல்லாரும் கொஞ்சம் சுயநலத்தோடுதான் வருகிறோம். வேலை போனவர், காதல் முறிந்தவர், தாயை இழந்தவர், எதற்காகப் பிறந்தோம் என்று தெரியாமல் திணறுபவர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் படுக்கையில் இருப்பவர் உங்கள் மனமாற்றத்துக்காக அங்கே வைக்கப்படவில்லை. அவருக்கு ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொழில் இருந்தது. அவரும் யாரோ ஒருவருக்கு அப்பாவாக இருக்கலாம். அவரைப் படம் எடுக்காதீர்கள். இல்லங்களுக்குள் அது அனுமதிக்கப்படுவதும் இல்லை. அவர் கதையை ஊருக்கு வந்து சாட்சியமாகச் சொல்லும்போது அவர் அடையாளம் தெரியாதபடி சொல்லுங்கள். வேலை நேரத்தில் உங்கள் உள்ளத்தை ஆராய்வதை நிறுத்திவிட்டு அவர் நகத்தை ஒழுங்காக வெட்டுங்கள். ஆராய்ச்சிக்கு மாலையில் ஒரு மணிநேர ஆராதனை இருக்கிறது, குறிப்பேடும் இருக்கிறது.

எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, எப்போது போவது?

சபை தங்குமிடம் தருவதில்லை. நியூ மார்க்கெட்டை ஒட்டிய சதர் தெருவின் எளிய விடுதிகளில் பலர் தங்குகிறார்கள். தமிழ்ச் சாப்பாட்டுக்கும் ஃபில்டர் காபிக்கும் ஏங்குகிறவர்கள் தென்னிந்தியர் பல தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் போகலாம், காளிகாட்டிலிருந்து பக்கம்தான். சென்னையிலிருந்து ஹவுரா மெயிலும் ஷாலிமார் வரை கோரமண்டல் எக்ஸ்பிரஸும் உண்டு, ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான பயணம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஏப்ரல், மே வெயிலும் அதன் பின் மழையில் தெருக்கள் மூழ்குவதும் புதியவர்களைச் சோர்வடையச் செய்யும். பதிவு நாட்கள் மாறுவதுண்டு, ஆகவே போனவுடன் தாய் இல்லத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைவாகப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஒருவர் பெயர் உங்களுக்கும் உங்கள் முகம் அவருக்கும் பழகுவதற்கே அவ்வளவு காலம் வேண்டும்.

அங்கே இருக்கும்போது வேலையை விட்டுவிடலாம், துறவறம் போகலாம் என்றெல்லாம் தோன்றுகிறது. இது அழைப்பா?

இருக்கலாம். ஆனால் அங்கேயே முடிவெடுக்காதீர்கள். மனம் இருண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லி வைத்தார். நெகிழ்ச்சியின் உச்சத்தில் அவசர வாக்குறுதி கொடுப்பதையும் அவர் எச்சரித்தார். அன்னையின் கதையைத் திரும்பவும் பாருங்கள். 1946 செப்டம்பரில் அழைப்பை உணர்ந்தவருக்கு மடத்தை விட்டு வெளியேற 1948 வரை அனுமதி கிடைக்கவில்லை. அப்போதைய கொல்கத்தா பேராயர் பெரியே அவசரப்படாமல் விசாரித்தார், காத்திருக்க வைத்தார்; அன்னை திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார், ஆனால் கீழ்ப்படிந்தார். இடைப்பட்ட காலம் முழுவதும் தமக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளைச் செய்தார். உங்களுக்குத் தோன்றியது உண்மையான அழைப்பு என்றால், ஊருக்கு வந்து, கடன், வயதான பெற்றோர், தங்கையின் படிப்பு எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஆன்ம குருவிடம் பேசி, சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த பிறகும் அது இருக்கும். வாழ்வின் நோக்கம் என்பது துறவறமாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. அங்கிருந்து வந்து செவிலியர் படிப்பில் சேர்ந்தவரையும், அப்பாவோடு பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்துவிட்டு வந்தவுடன் போய்ப் பேசியவரையும் எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த பிறகு இதெல்லாம் நிலைக்குமா?

உணர்வு நிலைக்காது, பழக்கம் நிலைக்கும். வந்த முதல் மாதத்தில் வீட்டில் எல்லாமே வெறுமையாகத் தோன்றும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக் கோபம் வரும். அந்தக் கோபத்தை உறவினர்மேல் கொட்டாதீர்கள், அவர்கள் நீங்கள் பார்த்ததைப் பார்த்தவர்கள் அல்லர். உடனே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சென்னையிலும் சபையின் இல்லங்கள் உள்ளன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டோடு முடங்கியவர்களுக்கான வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், படுத்த படுக்கையாக இருப்பவர் யாருக்காவது வாரம் ஒரு முறை உதவ முடியுமா என்று கேளுங்கள். கேட்கும்போது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு வருடத்துக்கு அந்தக் கிழமையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.